குடலில் தோன்றும் அரிய கட்டிகள்: பெயர் தெரிந்தால் வழி தெரியும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமில், பணி ஓய்வு பெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இப்படிப்பட்ட மேடைகளில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுவார்கள். அது முறையும்கூட. நம்மில் வீட்டுக்கு ஒருவருக்காவது அந்த நோய்கள் இருக்கின்றன. நானோ அரிதாக வரும் குடல் கட்டிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். “இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் யாருக்கோ வரப்போகும் நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம்.

அதற்குக் காரணம் உண்டு. நான் முக்கியமாகச் சொல்லப்போகும் கட்டி, பல நாடுகளில் எடுத்த கணக்கின்படி, பத்து இலட்சம் மக்களில் ஆண்டுக்கு 10 முதல் 15 பேருக்கு வருகிறது. மிகவும் குறைவுதான். ஆனால் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நம் நாட்டுக்கு அதே கணக்கை வைத்துப் பார்த்தால், ஆண்டுக்கு முந்நூறு பேருக்கு மேல் ஆகிறது. அந்த முந்நூறு குடும்பங்களுக்கும் அது அரிய நோய் அன்று. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட நோய்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. “வயிற்றில் கட்டி” என்று கேட்டவுடனேயே நம்மவர்கள் எல்லாக் கட்டியையும் ஒன்றாக நினைத்து மனம் உடைந்துபோகிறார்கள். கட்டிகளில் பல வகை உண்டு. எந்தக் கட்டி என்ற பெயர் சரியாகத் தெரிந்தால்தான் எதை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, வெட்டத்தான் வேண்டுமா என்பது தெரியும். பெயர் தவறினால் வழியும் தவறும். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஓர் அம்மையாரின் கதை

1995ஆம் ஆண்டு. மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்த ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. “வயித்துல ஏதோ உருளுது டாக்டர். படுத்தா இந்தப் பக்கம் போகுது, எழுந்தா அந்தப் பக்கம் வருது” என்றார். முகம் வெளிறியிருந்தது, இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது சிறுகுடலின் சுவரிலிருந்து ஏழு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியோடு அந்தக் குடல் துண்டை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தேன். ஒரு வாரத்தில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

திசு ஆய்வு முடிவு வந்தது. “சாதுவான தசைக் கட்டி” என்று எழுதியிருந்தது. நான் மகிழ்ச்சியோடு அவரிடம், “அம்மா, எல்லாம் முடிந்தது. இது புற்றுநோய் இல்லை. இனிமேல் நீங்கள் இங்கே வரவே வேண்டாம்” என்றேன். மறுவாரம் ஒரு கூடை நிறையக் கீரையும் வெண்டைக்காயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1999இல், அவர் திரும்பி வந்தார். கல்லீரல் முழுவதும் கட்டிகள். அவர் கோபப்படவில்லை. “நீங்கதானே டாக்டர் இனி வர வேணாம்னு சொன்னீங்க, அதான் வரல” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்று எங்களிடம் அவருக்குக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. வழக்கமான புற்றுநோய் ஊசிகள் இந்த வகைக் கட்டியை அசைப்பதே இல்லை. சில மாதங்களில் அவர் காலமானார்.

அன்று எழுதப்பட்ட பெயர், அன்றைய அறிவின்படி எழுதப்பட்ட பெயர். உலகம் முழுவதும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்தப் பெயர் தவறு. அது தசைக் கட்டி அன்று.

குடலுக்குத் தாளம் போடும் உயிரணுக்கள்

நம் இரைப்பையும் குடலும் ஒரு தாளத்தில் சுருங்கி விரிகின்றன. இரைப்பைக்கு நிமிடத்துக்கு மூன்று தாளம். சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு. நாம் தூங்கும்போதும் அது நடக்கிறது. அந்தத் தாளத்தைப் போடுபவை குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே வலை போல் பரவியிருக்கும் சில உயிரணுக்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் ராமோன் இ கஹால் அவற்றைக் கண்டு எழுதியதால் அவருடைய பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. நரம்பு மண்டலத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1906இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

இந்தக் கஹால் உயிரணுக்களோடு தொடர்புடையதுதான் நான் சொல்லும் கட்டி. ஆங்கிலத்தில் அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ‘ஜிஸ்ட்’ என்கிறார்கள். நூறு பேரில் ஏறத்தாழ 60 பேருக்கு இரைப்பையிலும், 30 பேருக்குச் சிறுகுடலிலும், ஐந்து பேருக்கு மலக்குடலிலும் வருகிறது. மற்ற இடங்களில் மிகவும் அபூர்வம்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இது தசைக் கட்டியைப் போலவே இருக்கும். 1983இல் அமெரிக்காவைச் சேர்ந்த மேசூர், கிளார்க் என்ற இருவர், “இவற்றில் பல தசையிலிருந்து வந்தவையாகத் தெரியவில்லையே” என்று ஐயம் எழுப்பினார்கள். 1998இல் ஜப்பானின் ஒசாகாவில் ஹிரோட்டா என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்த ஐயத்துக்கு விடை கண்டார்கள். உயிரணுவின் மேல் ‘கிட்’ என்றொரு புரதம் இருக்கிறது. அது ஒரு சுவிட்சு மாதிரி. வளர வேண்டிய நேரத்தில் மட்டும் திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டிகளில் மரபணுப் பிழையால் அந்தச் சுவிட்சு மூடாமல் நின்றுவிடுகிறது. விளக்கை அணைக்க முடியாத வீடு போல, உயிரணு வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று திசு ஆய்வில் ஒரு சிறப்புச் சாயம் ஏற்றி இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஜிஸ்ட் கட்டிகள் அதில் அகப்பட்டுக்கொள்ளும்.

கத்தி செய்ய வேண்டிய வேலை

ஒரே இடத்தில் நிற்கும் ஜிஸ்ட் கட்டிக்கு அறுவைச் சிகிச்சையே முதன்மையான மருத்துவம். ஆனால் அது மற்ற இரைப்பைப் புற்றுநோய்க்குச் செய்யும் அறுவை போன்றதன்று. சாதாரண இரைப்பைப் புற்றுநோய் என்றால் இரைப்பையின் பெரும் பகுதியையோ முழுவதையுமோ, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். ஜிஸ்ட் கட்டி பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதில்லை. ஆகவே கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிதளவு நல்ல திசுவையும் ஆப்பு வடிவில் எடுத்தாலே பல நேரங்களில் போதும். இரைப்பை காப்பாற்றப்படுகிறது. நோயாளி பழையபடி மூன்று வேளையும் சாப்பிடலாம்.

ஒரே ஒரு கட்டளையை மட்டும் மீறக்கூடாது. கட்டி உடையக்கூடாது. இதன் மேலுறை மெல்லியது; உள்ளே பழுத்த பப்பாளி போல் குழைவாக இருக்கும். கையாளும்போது உடைந்தால் உயிரணுக்கள் வயிற்றுக்குள் விதை போல் சிதறிவிடும். பிறகு ஒவ்வொன்றும் முளைக்கும். ஆகவே சிறிய துளை வழியே கருவி கொண்டு செய்யும் அறுவையாக இருந்தாலும், கட்டியை ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையோடுதான் வெளியே எடுக்கிறோம்.

கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, மலக்குடல் அல்லது உணவுக்குழாய் சேரும் இடம் போன்ற சிக்கலான பகுதியில் இருந்தாலோ, உடனே கத்தி எடுப்பதில்லை. முதலில் சில மாதங்கள் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருங்க வைத்து, பிறகு அறுவை செய்கிறோம். “டாக்டர் ஏன் உடனே ஆப்பரேஷன் செய்யாமல் இழுத்தடிக்கிறார்?” என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதுண்டு. அது இழுத்தடிப்பன்று. மலக்குடலைக் காப்பாற்றி, வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை கட்டிக்கொள்ளும் நிலையைத் தவிர்ப்பதற்காகக் காத்திருக்கும் காத்திருப்பு அது.

மாத்திரை வந்த கதை

மாத்திரை என்றேனே, அதன் கதையையும் சொல்ல வேண்டும். இமாட்டினிப் என்பது அதன் பெயர். கிளிவெக் என்ற வணிகப் பெயரில் பலர் அறிந்திருப்பீர்கள். ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து அது. மூடாமல் நிற்கும் ‘கிட்’ சுவிட்சையும் அது மூடும் என்று தெரிந்தபோது, பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நோய் முற்றிய ஒரு பெண்மணிக்கு 2000ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கத் தொடங்கின. 2002இல் அமெரிக்க அரசு ஜிஸ்ட் கட்டிக்கு இம்மருந்தை அனுமதித்தது.

1999இல் என் காய்கறிக்கடை அம்மையார் மறைந்தார். 2000இல் மருந்து வந்தது. இடையில் சில மாதங்கள். மருத்துவத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட கணக்குகளை மனத்தில் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறோம்.

நோய் பரவிவிட்டவர்கள் அதற்கு முன்பு பெரும்பாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் உயிர் வாழ்ந்தார்கள். இம்மருந்து வந்த பிறகு அது ஏறத்தாழ ஐந்து ஆண்டாக உயர்ந்தது; பத்து ஆண்டு கடந்து வாழ்பவர்களும் உண்டு. முதல் மாத்திரை பயன் தராமல் போனால் சுனிட்டினிப், ரெகோரபெனிப், ரிப்ரெட்டினிப் என்று அடுத்தடுத்த மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன.

அறுவை முடிந்து, கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் இல்லாதவர்களுக்கும் இது உதவுகிறது. கட்டி திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ள 400 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஓராண்டும் மற்றவர்களுக்கு மூன்றாண்டும் மாத்திரை கொடுத்து வடஐரோப்பிய நாடுகளும் ஜெர்மனியும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 2012இல் முடிவு வெளிவந்தது. ஐந்தாண்டு கழித்து, ஓராண்டு சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 82 பேரும், மூன்றாண்டு சாப்பிட்டவர்களில் 92 பேரும் உயிரோடு இருந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் 65க்கு 79 என்று அந்த வேறுபாடு நிலைத்திருந்தது.

மருந்தின் விலை ஒரு காலத்தில் மலை போல் இருந்தது. 2006இல் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் இம்மருந்தின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை தர மறுத்தது. அந்த வழக்கு வளர்ந்து, 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதி செய்தது. பல நிறுவனங்கள் இதே மருந்தை மலிவாகத் தயாரிக்க இன்று வழி இருக்கிறது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பெயர் மாறினால் அறுவையும் மாறும்

இப்போது வேறு இரண்டு கட்டிகளைச் சொல்கிறேன். பெயர் ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

முதலாவது, கார்சினாய்டு கட்டி. குடலில் சுரப்பு நீர் உண்டாக்கும் உயிரணுக்களிலிருந்து வருவது. 1907இல் மியூனிக் நகர மருத்துவர் ஓபர்ன்டோர்பர் இதற்குப் பெயர் வைத்தார். ‘புற்றுநோய் போன்றது, ஆனால் புற்றுநோய் அன்று’ என்பதே அப்பெயரின் கருத்து. ஆனால் 1929இல் அவரே, இதுவும் பரவக்கூடியதுதான் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் வைத்த பெயரைத் தாமே திருத்தும் துணிவு எல்லாருக்கும் வருவதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மையாரின் நினைவு வரும்.

குடல்வால் அழற்சி என்று அறுவை செய்து எடுத்த குடல்வாலின் நுனியில் இந்தக் கட்டி தற்செயலாக அகப்படுவதுண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்து, முழுமையாக எடுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால், பெருங்குடலின் வலப்பகுதியையும் எடுக்க வேண்டியிருக்கும். சிறுகுடலில் வந்தால், சிறியதாக இருந்தாலும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் குணம் உண்டு. ஆகவே குடலைத் தாங்கும் விசிறி போன்ற சவ்வையும் அதிலுள்ள முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கிறோம். ஒரே குடலில் பல இடங்களில் இருக்கக்கூடும் என்பதால், சிறுகுடல் முழுவதையும் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறோம். ஜிஸ்ட்டுக்கு முடிச்சுகளைத் தொட வேண்டாம் என்றேன். இதற்கு முடிச்சுகளை விடக்கூடாது என்கிறேன். பெயர் செய்யும் வேறுபாடு இது.

இந்தக் கட்டி கல்லீரலுக்குப் பரவினால், அதன் சுரப்பு நீர் உடம்பெங்கும் கலந்து, முகம் திடீர் திடீரென்று சிவந்து சூடாகும், வயிற்றுப்போக்கு நிற்காது, மூச்சு இழுக்கும். நம் தாய்மார்கள் இதை மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூடு என்றே நினைத்துவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரவிய பின்னும் இது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சுரப்பு நீரை அடக்கும் ஊசியோடு பல ஆண்டுகள் நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, இரைப்பையில் மெதுவாக வளரும் ஒரு வகை நிணநீர்க் கட்டி. முன்பெல்லாம் இதற்காக இரைப்பையையே எடுத்துவிடுவார்கள். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமிதான் இக்கட்டியைத் தூண்டுகிறது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கிருமியைக் கொல்லும் மாத்திரைகளைக் கொடுத்தாலே கட்டி கரையக்கூடும் என்று 1993இல் லண்டன் மருத்துவர்கள் காட்டினார்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அதுவே போதுமானதாகிறது. கத்திக்கே வேலை இல்லை.

ஆக, ஒன்றுக்குக் குறைவாக வெட்ட வேண்டும். ஒன்றுக்கு அகலமாக வெட்ட வேண்டும். ஒன்றுக்கு வெட்டவே வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ‘வயிற்றில் கட்டி’தான். ஆகவே திசு ஆய்வு முடிவு வரும்வரை பொறுத்திருங்கள். ஐயம் இருந்தால், அதே திசுவை இன்னொரு நிபுணர் பார்க்கட்டும் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

“இன்னும் எத்தனை நாள் டாக்டர்?”

நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, உறவினர் உள்ளே வந்து கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லக் கட்டியின் மூன்று குணங்களைப் பார்க்கிறோம். எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, நுண்ணோக்கியில் பார்க்கும்போது உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பிளந்து பெருகுகின்றன. இவற்றோடு, கட்டி உடைந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள, மெதுவாகப் பெருகும் ஜிஸ்ட் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை இல்லாத காலத்துக் கணக்கின்படி, அது இரைப்பையில் இருந்தால் நூற்றில் நான்கு பேருக்கும் குறைவாகவே பிறகு பரவியது. அதே கட்டி சிறுகுடலில் இருந்தால் நூற்றில் 24 பேருக்குப் பரவியது. வேகமாகப் பெருகும் கட்டியாக இருந்தால், இரைப்பையில் 55 பேருக்கும் சிறுகுடலில் 85 பேருக்கும் பரவியது. இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, மெதுவாகப் பெருகும் இரைப்பைக் கட்டி பரவியதாகவே அந்தக் கணக்கில் இல்லை. அளவும் இடமும் வேகமும் சேர்ந்துதான் பதில் சொல்கின்றன.

என் காய்கறிக்கடை அம்மையாருக்கு ஏழு சென்டிமீட்டர்; சிறுகுடல். அன்று எனக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால், ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லியிருக்கமாட்டேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். நூறு பேரைப் பற்றிச் சொல்லும் கணக்கு, ஒருவரைப் பற்றிச் சொல்லும் சோதிடம் ஆகாது. அந்த நூறில் உங்கள் தகப்பனார் எங்கே நிற்கிறார் என்பது எந்த மருத்துவருக்கும் தெரியாது. கணக்கு எதற்காக இருக்கிறதென்றால், யாருக்கு மாத்திரை தேவை, யாரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காக.

2013இல் ஒரு லாரி ஓட்டுநர் என்னிடம் வந்தார். சிறுகுடலில் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி. வேகமாகப் பெருகும் வகை. இரண்டு ஆண்டுகளாக இரும்புச் சத்து மாத்திரை மட்டுமே சாப்பிட்டு வந்தவர். இரத்தம் எங்கே போகிறது என்று யாரும் தேடவில்லை. கட்டியை உடையாமல் எடுத்தோம், மாத்திரை தொடங்கினோம். ஓராண்டு ஆனதும், “கட்டியைத்தான் எடுத்தாச்சே டாக்டர், முகமெல்லாம் வீங்குது, மாத்திரையை நிறுத்திடறேன்” என்றார். அவரையும் அவர் மனைவியையும் உட்கார வைத்து, நான் உங்களுக்குச் சொன்ன அதே அம்மையாரின் கதையைச் சொன்னேன். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மூன்று ஆண்டும் முடித்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை அவர் தவறாமல் ஸ்கேன் எடுக்க வந்தார். ஒவ்வொரு முறையும் நான், “இந்த முறை சுத்தமாக இருக்கிறது, அடுத்த முறையும் வாருங்கள் ஐயா” என்றேன். ‘எல்லாம் முடிந்தது’ என்று ஒருநாளும் சொல்லவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச் சத்துக் குறைவால் இரத்தச் சோகை வந்தால், மாத்திரை சாப்பிட்டு இரத்தம் ஏறியதோடு நிறுத்திவிடாதீர்கள். “இரத்தம் எங்கே போயிற்று?” என்று மருத்துவரைக் கேளுங்கள். மலம் தார் போல் கறுத்து, ஒட்டும் தன்மையோடு போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆகவே நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் விடுங்கள். எல்லா இரத்தப் போக்கையும் மூலம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும், இரத்தச் சோகை தொடர்ந்தால் மறுபடியும் போங்கள். சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். சாதாரணக் குழாய் அதன் தொடக்கத்தை மட்டுமே எட்டிப் பார்க்கும். 2001ஆம் ஆண்டு முதல், மாத்திரை போல் விழுங்கும் சிறு கேமரா புழக்கத்தில் இருக்கிறது. சி.டி. ஸ்கேனும் உதவும். அதோடு, ஜிஸ்ட் கட்டி உள்தோலுக்கு அடியில் வளர்வது. மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் அது அகப்படாமல் போகலாம்.

திசு ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே உறையில் பத்திரமாக வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு மருத்துவமனைக்குப் போகும்போது, அந்த ஒரு தாள் பேசும்.

அவையோர் கேட்ட சில கேள்விகள்

கேள்வி: “கத்தி பட்டால், காற்றுப் பட்டால் புற்றுநோய் பரவும் என்கிறார்களே?”

பதில்: காற்றுப் பட்டுப் பரவாது. நோய் முற்றிய பிறகு வயிற்றைத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடிய காலத்தில் எழுந்த அச்சம் அது. ஜிஸ்ட் கட்டி உடைந்தால் பரவும் என்பது உண்மை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் செய்ய வேண்டும் என்கிறேன். கத்திக்குப் பயந்து ஓராண்டு தள்ளிப்போட்டால், கட்டி பெரிதாகித் தானாகவே உடையக்கூடும்.

கேள்வி: “என் அண்ணனுக்கு இந்த நோய். என் பிள்ளைகளுக்கும் வருமா?”

பதில்: பெரும்பாலும் இது பரம்பரை நோய் அன்று. மிகச் சில குடும்பங்களில் மட்டும் தொடர்ந்து வருகிறது. தோலில் பால்காப்பி நிறத்தில் பல படைகளும் மென்மையான முடிச்சுகளும் உண்டாக்கும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. அதனோடும் இது சேர்ந்து வரலாம். அப்படி யாராவது இருந்தால், அல்லது சிறு வயதிலேயே கட்டி வந்திருந்தால், மரபணு ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: “மாத்திரையோடு நாட்டு மருந்தும் சாப்பிடலாமா?”

பதில்: கேட்காமல் சாப்பிடாதீர்கள். சில மூலிகைகள் இம்மாத்திரையை உடம்பிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். சில பொருள்கள் அதன் வேகத்தை ஏற்றிவிடும். கிரேப்புரூட் பழச்சாறு கூடாது என்பது பொதுவான அறிவுரை. நம் ஈப்போ பம்பளிமாஸ் அந்தப் பழத்துக்கு நெருங்கிய உறவு. ஆகவே அதையும் மருத்துவரைக் கேட்டபின் தொடுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், கால் பிடிப்பு, குமட்டல் ஆகியவை வரலாம். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கினால் குமட்டல் குறையும். தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் சொல்லுங்கள். அளவை மாற்றிப் பார்க்கலாம்.

நிறைவாக

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரைக்கு வழி கிடைத்த பிறகும், ஸ்கேன் எடுக்க நகரத்துக்கு வரப் பேருந்துச் செலவுக்கு இல்லாமல் வராதவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாள் கூலி போகிறதே என்று பின்தொடர்வதை விட்டவர்கள் உண்டு. பெரிய அறுவைக்கு உதவ எல்லாரும் முன்வருகிறார்கள். அறுவைக்குப் பிறகு வரும் ஐந்து, பத்து ஆண்டுப் பயணச் செலவை யாரும் நினைப்பதில்லை. அதையும் நினைத்துப் பாருங்கள்.

பெரியோர்களே, நோய் அரிதாக இருக்கலாம். நம்பிக்கை அரிதாக வேண்டியதில்லை. கட்டியின் பெயரைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குத் தக்க அறுவையை அனுபவமுள்ள கைகளிடம் ஒப்படையுங்கள். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றும் நாளிலும் மறுபரிசோதனைக்குப் போங்கள். உங்கள் மருத்துவர் உற்சாக மிகுதியில் “இனி வர வேண்டாம்” என்று சொன்னாலும், “எதற்கும் அடுத்த ஆண்டு ஒருமுறை வந்து காட்டுகிறேன் டாக்டர்” என்று சொல்லுங்கள். 1995இல் ஒரு தாய் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதா என்று நான் இன்றும் ஏங்குகிறேன்.